ஐந்து நிமிட உமிழ்நீர்

ஜனவரி 9

ஆஸ்பத்திரியில் ஜெபமலர் கொடுத்த நோட்டில் ஒரு நாளைக்கு நான்கு கட்டங்கள்தான் இருக்கின்றன. குடித்த தண்ணீர் எத்தனை டம்ளர். சாப்பிட்டது என்ன. வலி உண்டா. கடைசியாக ‘வேறு ஏதேனும்’. அந்த நான்காவது கட்டத்தில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று எனக்குத் தெளிவாகவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. அதில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு, மற்றதை இந்த டைரியில் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இதை யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்கள்.

முதலில் விவரம். வயது 73. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் தொண்டையில் புற்றுநோய். முப்பத்துமூன்று நாள் கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நோய் போய்விட்டது. ஆனால் காதடியிலும் தாடைக்குக் கீழும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் கதிர் போகும் வழியில் இருந்ததால் அவையும் வெந்துவிட்டன. சோற்றைத் தண்ணீர் விட்டுத்தான் இறக்க வேண்டும். நாலு வாக்கியம் பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கழுத்து விறைத்துவிட்டதால் அண்ணாந்து குடிக்க முடியவில்லை. பிறந்தது முதல் டம்ளரில் உதடு படாமல் குடித்தவன், இப்போது சப்பிக் குடிக்கிறேன். மற்றவர்கள் தவறி எடுத்துவிடாமல் இருக்க என் டம்ளரில் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மீரான் ஒரு ஆய்வு நடத்துகிறார். என்னைப் போலப் பன்னிரண்டு பேர். அவரவர் வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, நாலு வாரம் வளர்த்து, சுரப்பிகளுக்குள் ஊசியால் செலுத்துவார்கள். முதல் ஊசி தீங்கு செய்யாமல் கொஞ்சமாவது பலன் தந்தால் மே மாதம் இரண்டாவது ஊசி.

“அந்தச் செல்லு போயி புதுசாச் சுரப்பி கட்டும்னு நெனைக்காதீங்க சார்,” என்றார் டாக்டர். “அங்க பாதி செத்துக் கிடக்கிறதத் தட்டி எழுப்பும்னுதான் நம்புறோம்.”

இன்று முதல் அளவு. ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். எழுபது நிமிடம் எதையும் தொடவில்லை. கூப்பிடுவதற்குச் சற்று முன் வராந்தா வாஷ்பேசினில் மூன்று முறை வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, முகம் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஆய்வு ஒருங்கிணைப்பாளரான ஜெபமலருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஒரு சின்னப் பிளாஸ்டிக் கப்பை எடை போட்டு நீட்டினாள்.

“அஞ்சு நிமிஷம் சார். முழுங்காம, வாயில ஊறுறத எல்லாம் இதுல விடுங்க.”

ஒரு பெண் பார்த்துக்கொண்டிருக்க எச்சில் துப்புவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டு துப்பினேன். 0.9 கிராம். நல்ல வாய் என்றால் இரண்டு கிராம் வரும் என்றாள்.

ஜனவரி 16

வயிற்றில் கொழுப்பு எடுத்தார்கள். வலி தாங்கக்கூடியது. டாக்டர், “தேவைக்கு மேலேயே கிடைச்சுது சார்,” என்றார்.

வீட்டில் என் மனைவி உலகம்மாள், “இத்தன வருஷம் வளத்த தொப்பை இப்பத்தான் ஒரு வேலைக்கு ஆயிருக்கு,” என்றாள்.

ஜனவரி 30

இன்றைய வரிகள்: 5.

இது என் சொந்தக் கணக்கு. காலையில் பேப்பரைச் சத்தமாக வாசித்து, நாக்கு ஒட்டிக்கொள்ளும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறேன். உலகம்மாளுக்குச் சர்க்கரையினால் கண் மங்கி ஏழு வருடம் ஆகிறது. பேப்பரும், ஞாயிறு இணைப்பில் வரும் தொடர்கதையும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். பத்தொன்பதாவது அத்தியாயத்தோடு எனக்குக் கரண்டு ஆரம்பித்தது. அதோடு நின்றுவிட்டது.

இப்போது அவளுக்கு அதில் ஆர்வம் இல்லை. “எல்லாம் ரேடியோவுல சொல்லுதான். பேப்பர்ல என்ன இருக்கு?” என்கிறாள். பக்கத்து வீட்டு ஆசிரியை வாசித்துக் காட்டுகிறேன் என்று வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டாள். ஆனால் ஞாயிறு இணைப்புகளை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட விடுவதில்லை. டிரங்குப் பெட்டிக்குள் ஒரு கட்டு இருக்கிறது. அலமாரிக்கு விரிக்க ஆகும் என்கிறாள். அலமாரிக்கு எதற்கு அவ்வளவு தாள் என்று கேட்க நினைத்து, விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 13

முதல் ஊசி. இரு பக்கமும் காதடியில் ஒன்று, தாடைக்குக் கீழ் ஒன்று. ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே செலுத்தினார்கள். நான்கு மில்லிக்கும் குறைவான கலங்கல் திரவம். என்னுடையதே எனக்குத் திரும்பி வந்தது.

வரிகள்: 5. கன்னம் வீங்கியதால் முழு முயற்சி இல்லை.

மார்ச் 2

வரிகள் 5. தண்ணீர் 14 டம்ளர். முருங்கைக்காய் சாம்பார். வேறொன்றும் இல்லை.

மார்ச் 21

வரிகள் 8. எழுத்து சற்றுப் பெரிதாக அச்சாகியிருந்தது. இதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று சந்தேகம்.

ஏப்ரல் 10

இரண்டாவது அளவு. வராந்தா வாஷ்பேசின் குழாயைச் சணல் கயிற்றால் கட்டி, ‘பழுது’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு வாரமாகவே இப்படித்தான் என்றார் காவலர். வேறு குழாய் எங்கே என்று கேட்பதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாய் கழுவாமல் உள்ளே போனது மனதுக்குச் சங்கடமாக இருந்தது. ஜெபமலரின் முகத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

0.5 கிராம்.

அவள் எடைத் தட்டைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறை வைத்துப் பார்த்தாள். அதே 0.5. “பரவாயில்ல சார்,” என்றாள். பரவாயில்லை என்று சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 12

டாக்டர் மீரானே போன் செய்தார். குறைந்தது எனக்கு மட்டும் இல்லையாம். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்கு முதல் அளவைவிடக் குறைந்திருக்கிறது. “செல்லு இருக்கிறதையும் கெடுக்குதோன்னு கமிட்டியில கேக்குறாங்க சார். மே அஞ்சாம் தேதி கூடுறாங்க. அநேகமா நிறுத்திருவாங்க. ரெண்டாவது ஊசி இருக்காது.”

“சரிங்க டாக்டர்,” என்றேன்.

என் பக்கம் பிழை இருக்குமோ என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முந்தின நாள் சரியாகத் தூங்கவில்லை. வெயிலில் நடந்து போனேன். பயம். எதுவும் போதுமான காரணமாகத் தெரியவில்லை. உலகம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். “உசிரு இருக்குல்லா, அது போதும்,” என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டாள். அதில் விவசாயிகளுக்கான உர விளக்கம் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரை கேட்டாள்.

ஏப்ரல் 14

சித்திரை விசு. பருப்பு, அவியல், மாங்காய்ப் பச்சடி, பாயசம். சாப்பாட்டுக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் ஆயிற்று. வழக்கமாக ஐந்து. பாயசம் நீர்த்திருந்ததனால் இருக்கலாம். வரிகள் 11. கவனம் சிதறி ஒரு வரியை இருமுறை எண்ணியிருப்பேன்.

ஏப்ரல் 18

தங்கதுரை போன் செய்தார். ஏரல் பக்கம் வாழைத்தார் வியாபாரம். ஆய்வில் எனக்கு அடுத்த எண் அவருடையது. போனிலேயே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படிப் பேசுவார்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கும் கொறஞ்சு போச்சாமே?”

“ஆமா. உங்களுக்கு?”

“பாதியாப் போச்சு! ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. எனக்கு நேத்து கல்யாண வீட்டுல லட்டு தண்ணியில்லாம உள்ள போச்சு. இவங்க என்னத்த நிறுத்துப் பாக்காங்கன்னே தெரியல. அந்தத் தராசத் தூக்கி எங்க மண்டியில வைக்கச் சொல்லுங்க, நான் பாக்கேன்.”

“எடையெல்லாம் சரியாத்தான் போடுறாங்க.”

“நீங்க ஒருத்தரையும் குத்தம் சொல்ல மாட்டியளே! அதக்கூட விடுங்க. அன்னைக்குப் பைப்பு ஒடஞ்சு கெடந்துச்சா, வாயக் கழுவக்கூட வழியில்ல. அந்தப் பிள்ள முன்னால எச்சிய அப்படியே துப்ப, எனக்கு உசிரே போச்சு அண்ணாச்சி.”

பிறகும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் சரியாகக் கேட்கவில்லை.

ஏப்ரல் 18, மாலை

கொப்பளித்த தண்ணீர்.

ஏப்ரல் 19

சோதனை. உலகம்மாளின் இன்சுலின் சிரிஞ்சு ஒன்றில் ஊசியை நீக்கிவிட்டேன். நாற்பது யூனிட் என்றால் ஒரு மில்லி. மூன்று முறை கொப்பளித்து, நன்றாகத் துப்பிவிட்டு, வாஷ்பேசினிலிருந்து ஜெபமலரின் நாற்காலி வரை உள்ள தூரத்தை, சுமார் பன்னிரண்டு அடிகள், கூடத்தில் நடந்தேன். பிறகு உடனே ஒரு கிண்ணத்தில் துப்பி, சிரிஞ்சில் இழுத்து அளந்தேன். ஐந்து முறை.

28, 24, 30, 26, 27 யூனிட். சராசரி 27. ஏறத்தாழ 0.7 மில்லி. துப்பிய பிறகும் வாயில் இவ்வளவு தண்ணீர் தங்குகிறது.

ஜனவரியில் வந்த 0.9 கிராமில் 0.7 குழாய்த் தண்ணீர். என்னுடையது 0.2. ஏப்ரலில் வந்த 0.5 முழுவதும் என்னுடையது.

குறையவில்லை. இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன். முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் செய்து காட்டுவது. நீர்த்த வடிகஞ்சியில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் நீலமாகும். அதில் உமிழ்நீர் சேர்த்தால், அதிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்து நீலத்தைப் போக்கிவிடும். கரண்டுக்குப் பிறகு ஒருமுறை ஆசைக்குச் செய்து பார்த்திருந்தேன். அன்று ஒரு மணி நேரம் ஆகியும் நீலம் போகவில்லை. இன்று பதினான்கு நிமிடத்தில் கிண்ணம் வெளுத்தது.

“என்ன, அடுப்படியில கஞ்சிக்குச் சாயம் போடுதிய?” என்றாள் உலகம்மாள். விளக்கினேன். அவளுக்குக் கிண்ணத்தின் நிறம் தெரியாது. கையில் வாங்கி, முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வர நேரமாயிற்று.

ஏப்ரல் 20

சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்?

நான் விதியை மீறவில்லை. குடிக்கக் கூடாது என்றுதான் தாளில் இருந்தது. ஆனால் மாதிரியில் தண்ணீர் கலக்கக் கூடாது என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். முதல் அளவே பொய் என்றால் என்னை ஆய்விலிருந்து நீக்கிவிடலாம். இரண்டாவது ஊசி மற்றவர்களுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காமல் போகலாம். சொல்லாவிட்டால் யாருக்குமே கிடைக்காது.

ஏப்ரல் 21

வரிகள் 12. போகவில்லை. வெயில்.

ஏப்ரல் 22

போகவில்லை. சனிக்கிழமை.

ஏப்ரல் 23

எழுதாமல் இருக்கலாம் என்றுதான் இருந்தேன். 1991 மார்ச்சில் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வுக்கு நான் தயாரித்த கரைசலின் செறிவு தவறு. குடுவையில் குறி வரை நிரப்பவில்லை. பதினான்கு மாணவர்களுக்கு விடை தப்பாக வந்தது. அன்று மாலை குடுவைகளைக் கழுவும்போதுதான் எனக்குத் தெரிந்தது. பேராசிரியர் அறை வரை போனேன். கதவு திறந்துதான் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். அதில் மூன்று பேர் அந்த வருடம் தேறவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

உலகம்மாளிடம் இதை இன்றைக்குத்தான் சொன்னேன்.

“இத்தன வருஷமா இத வச்சுக்கிட்டா திரிஞ்சிய?” என்றாள். பிறகு, “நாளைக்கு நீல சட்டையப் போட்டுட்டுப் போங்க. இஸ்திரி போட்டிருக்கு.”

ஏப்ரல் 24

பேசினால் பாதியில் நாக்கு ஒட்டிவிடும் என்று இரண்டு பக்கக் கடிதமாக எழுதிக்கொண்டு போனேன். சோதனை அளவுகளை அட்டவணையாக இணைத்தேன்.

ஜெபமலர் நின்றுகொண்டே படித்தாள். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

“சார், நீங்க வாய் கொப்பளிச்சிட்டா வந்தீங்க?”

“ஆமாம்மா.”

“ஏன் சார்?”

இதற்கு நான் தயாரித்து வைத்திருக்கவில்லை. “வாயைக் கழுவாம ஒருத்தர் முன்னால எப்படிம்மா துப்புறது? மரியாதையா இருக்காதே,” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மேசைப் போனை எடுத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, தங்கதுரையைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஜனவரியில துப்புறதுக்கு முன்னால வாய் கொப்பளிச்சீங்களா?”

“பின்ன? ஒரு பொம்பளப் பிள்ள முன்னால எச்சி துப்பச் சொல்லுதீங்க, வாயக் கழுவாமலா வருவேன்? எங்க ஆத்தா என்னைய அப்படியா வளத்திருக்கு?”

பிறகு மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டாள். கொப்பளித்தவர்கள் பன்னிரண்டு பேரில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். களக்காட்டு அம்மா ஒருவர் ஐந்து முறை கொப்பளித்திருக்கிறார். எட்டுப் பேரும் அளவு குறைந்தவர்கள். மற்ற நால்வரும் கொப்பளிக்கவே இல்லை.

டாக்டர் மீரான் வந்தார். கடிதத்தை வாசித்தார். நான் எழுந்து நின்றேன்.

“என்னை நீக்கிட்டாலும் பரவாயில்ல டாக்டர். மத்தவங்களுக்கு நிறுத்திராதீங்க.”

“உக்காருங்க சார் முதல்ல.” அவர் முகத்தில் கோபமா என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. “ஜனவரியில எடுத்த சாம்பிள் எல்லாம் உறைய வச்சு பத்திரமா இருக்கு. நொதி எவ்வளவுன்னு பாத்தா தண்ணி கலந்ததா இல்லையான்னு தெரிஞ்சிரும். இவ்வளவு நாளா நாங்க செல்லையும் ஊசியையும் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தோம் சார். வாஷ்பேசினை ஒருத்தரும் பாக்கல.”

ஜெபமலர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் வைத்துவிட்டுப் போன பிறகுதான் கவனித்தேன். இருபது நிமிடத்துக்கு மேல் பேசியிருக்கிறேன். என் பாட்டிலை வீட்டிலேயே மறந்து வந்திருந்தேன்.

மே 5

மாலை நாலரைக்குப் போன். எட்டு மாதிரிகளிலும் தண்ணீர். திருத்திப் பார்த்தால் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்குக் கூடியிருக்கிறது, மூன்று பேருக்கு மாற்றம் இல்லை, யாருக்கும் குறையவில்லை. எல்லாம் சிறிய எண்கள்தான், துள்ள வேண்டாம் என்றார் டாக்டர். அவர் குரல் துள்ளியது. இரண்டாவது ஊசி உண்டு. எனக்கும் உண்டு.

“இன்னொரு உதவி சார். அந்தத் தாள்ல ஒரு வரி சேக்கணும். நீங்களே எழுதிக் கொடுங்க. நாங்க எழுதுனா யாரும் கேக்க மாட்டாங்க.”

மே 6

ஒரு வரிதான். காலை முழுவதும் ஆயிற்று. அனுப்பியது:

‘துப்புவதற்கு முன் வாய் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் நம் அளவு தெரியாமல் போகும். இங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.’

மூன்று வாக்கியமாகிவிட்டது. மூன்றாவது தேவையா என்று கேட்டு ஒரு குறிப்பும் வைத்தேன். அதுதான் சார் முக்கியம் என்று ஜெபமலர் பதில் அனுப்பினாள்.

மே 15

இரண்டாவது ஊசி. காவலர் என்னைப் பார்த்து, “பைப்பு சரியாயிட்டு சார்,” என்றார். நன்றி சொல்லிவிட்டு அதைத் தாண்டிப் போனேன்.

ஜூன் 20

வரிகள் 31. இந்த முறை எழுத்து பெரிதாக இல்லை. அளந்து பார்த்தேன்.

ஜூலை 8

மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தபோது தலையணையில் ஈரம். எட்டணாக் காசு அளவு. மேலே பார்த்தேன். கூரையில் கறை இல்லை. நாற்காலி போட்டு ஏறி, ஃபேன் கொக்கியைச் சுற்றித் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்துதான் இருந்தது. ஆனால் மாடியில் புதிதாகக் குடி வந்தவர்கள் துணி துவைக்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். எங்கோ கசிவு இருக்க வேண்டும். நேரில் போய்ச் சொல்லத் தயக்கமாக இருந்ததால், ‘தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்’ என்று ஒரு கடிதம் ஆரம்பித்தேன்.

“யாருக்கு எழுதுதிய?” என்றாள் உலகம்மாள்.

சொன்னேன். அவள் கட்டிலருகே போய்த் தலையணையைத் தடவினாள். விரலை முகர்ந்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரிப்புதான் என்று முதலில் நினைத்தேன்.

“மாடிக்காரவுகளுக்கு லெட்டர் எழுதுதாராம்! வாய்த் தண்ணிங்க இது! தூக்கத்துல வடிஞ்சிருக்கு, பச்சப்பிள்ளைக்கு வடியுத மாதிரி!”

நான் கடிதத்தை மடித்து வைத்தேன். எச்சில் பட்ட துணி என்றால் உடனே வாளியில் போட்டுவிடுவது என் வழக்கம். உறையைக் கழற்றப் போனேன்.

“கெடக்கட்டும்,” என்றாள்.

டிரங்குப் பெட்டியை அவளே தடவித் திறந்தாள். அந்தக் கட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். ஞாயிறு இணைப்புகள், தேதி வரிசையில், வெள்ளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கண் தெரியாதவள் வாரா வாரம் எப்படி வரிசை தப்பாமல் வைத்தாளோ தெரியவில்லை.

“இருவது,” என்றாள். “பத்தொம்பதுல அந்தப் பொண்ணு பஸ்ஸ விட்டு எறங்கி நின்னா. நின்னுக்கிட்டே இருக்கா, மூணு வருஷமா.”

வாசித்தேன். ஒன்றரைப் பக்கம். நடுவில் இரண்டு முறை நிறுத்தினேன். ஒன்று கண்ணாடியைத் துடைக்க. இன்னொன்று எதற்கென்று நினைவில்லை. சிவப்பு நூல் கட்டிய டம்ளர் பக்கத்தில் இருந்தது. முடிக்கும்போது அதில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. வரிகளை எண்ண மறந்துவிட்டேன்.

இருபத்தொன்றை எடுத்தபோது, “நாளைக்கு,” என்றாள். “வச்சு வச்சுக் கேக்கணும்.”

மாலை ஜெபமலரின் நோட்டை எடுத்தேன். தண்ணீர்: 6. சாப்பிட்டது: சோறு, புளிக்குழம்பு, அப்பளம். வலி: இல்லை. நான்காவது கட்டத்தில் ஆறு மாதமாகக் கோடுதான் போட்டு வருகிறேன். இன்று அதில் ‘தலையணை நனைந்தது’ என்று எழுதினேன்.